கண் அழுத்தச் சொட்டு மருந்தை முறையாக விடுவது எப்படி?

பினாங்கில் என் தாயாருக்குக் கண் அழுத்த நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னபோது, "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, மருந்து எதற்கு?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். கேள்வி நியாயமானதே. கண்ணின் உள்ளழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும்; அது கூடும்போது பெரும்பாலும் வலியே இல்லாமல் பார்வை நரம்பு பழுதுபடுகிறது, இழந்த பார்வை திரும்புவதுமில்லை. எஞ்சியிருப்பதைக் காப்பதுதான் சொட்டு மருந்தின் வேலை. பார்வை தெளிவடையும் என்று காத்திருப்பவர்களே சில வாரங்களில் மருந்தைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கீழிமையை விரலால் மெல்ல இழுத்தால் சிறு பை போன்ற பள்ளம் தெரியும். குப்பியின் நுனி இமையிலோ இமை மயிரிலோ படாதபடி அதற்குள் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். அதற்கு மேல் கண்ணில் இடமில்லை. என் தாயார் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது சொட்டையும் விடுவார். அது கன்னத்தில் வழிந்ததே தவிர வேறு பயன் இல்லை, மாதக் கணக்குக் குப்பியும் பாதியிலேயே தீர்ந்தது. கை நடுங்குபவர்கள் படுத்துக்கொண்டு, குப்பி பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ளலாம்.

பலரும் விட்டுவிடுவது அடுத்த படியைத்தான். சொட்டு விழுந்ததும் கண்ணைக் கொட்டாமல் மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை ஆள்காட்டி விரலால் 2 நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மருந்து கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி இரத்தத்தில் கலந்துவிடும். டிமோலால் போன்ற மருந்து அப்படிக் கலந்தால் மூச்சிரைப்பைத் தூண்டலாம், நாடித்துடிப்பைக் குறைக்கலாம். ஆகவே ஆஸ்துமா அல்லது இதய நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் 5 நிமிடமாவது விட வேண்டும். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு மருந்து விட்டால், 15 நிமிடம் கழித்தே மீண்டும் அணியலாம்.

லட்டானோபிராஸ்ட் பெரும்பாலும் இரவில் ஒரு முறை மட்டுமே விடும் மருந்து. ஒரு நாள் மறந்தால் மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒரு சொட்டு போதும், கூடுதலாக விட்டால் பலன் குறையவே வாய்ப்புண்டு. அதன் திறக்காத குப்பியைக் குளிர்ப்பெட்டியில் வைப்பது வழக்கம். திறந்த நாளைக் குப்பியின் மீதே எழுதிவைத்து, மருந்தோடு வரும் துண்டுச்சீட்டில் சொன்ன கெடு முடிந்ததும், மருந்து மிச்சமிருந்தாலும் எறிந்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள்.

தைப்பூச விரதத்தின்போது சிலர் சொட்டு மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். அது உணவல்ல. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்ப இரவாகுமென்றால், குப்பியையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.