அறிபுனைக் கதையைக் காதால் கேட்கும்போது செய்யும் தவறுகள்

ஆங்கிலத்தில் வரும் அறிபுனை (அறிவியல் புனைகதை), ஃபேண்டஸி, திகில் சிறுகதைகளை யாரோ வாசிக்க நாம் கேட்பது இப்போது சுலபமாகிவிட்டது. எஸ்கேப் பாட் என்ற பாட்காஸ்ட், அதாவது இணைய ஒலித்தொடர், 2005-இல் அறிவியல் கதைகளோடு தொடங்கியது. மறு ஆண்டே திகிலுக்கு சூடோபாட் வந்தது, 2008-இல் ஃபேண்டஸிக்கு பாட்கேஸில். 2006-இல் தொடங்கிய கிளார்க்ஸ்வேர்ல்ட் மாத இதழும் தன் கதைகளை ஒலியாகத் தருகிறது. அங்கே நீண்டகாலமாகக் கேட்கும் குரல் கேட் பேக்கருடையது. காசு கொடுக்காமலே இவற்றைக் கேட்கலாம். ஆனாலும் இரண்டு கதை கேட்டுவிட்டு, "நம்ம இங்கிலீஷுக்கு இது ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஆங்கிலத்தைவிடக் கேட்கும் விதம்தான் காலை வாருகிறது என்று எனக்குப் படுகிறது.

முதல் தவறு, வேறு வேலை பார்த்துக்கொண்டே தொடங்குவது. குடும்பக் கதையில் முதல் இரண்டு நிமிடம் போனால் பெரிய நஷ்டமில்லை. மாமியார், மருமகள், வீடு எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான், பிடித்துக்கொள்ளலாம். அறிபுனையில் அந்த உலகத்தின் சட்டதிட்டங்களே ஆரம்பப் பத்திகளில்தான் இருக்கும். அதையும் யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். உதாரணத்துக்கு ஒரு கதை இப்படித் தொடங்குகிறது என்று வையுங்கள்: "மூன்றாவது உடலுக்கு இன்னும் வாடகை கட்டவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது." உடல் வாடகைக்குக் கிடைக்கிறது, அவளிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது, கையில் பணம் தட்டுப்பாடு, இதெல்லாம் அங்கே யாருக்கும் அதிசயமில்லை. அத்தனையும் ஒரே வாக்கியத்துக்குள். தாளில் என்றால் கண் தானாக நின்று இன்னொரு தடவை படிக்கும். காதுக்கு அந்த வசதி கிடையாது, வாசிப்பவர் அதற்குள் அடுத்த பத்திக்குப் போயிருப்பார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கினால், இருபது நிமிடம் கழித்து யார் எந்த உடலில் இருக்கிறார் என்றே தெரியாது.

இன்னொரு சிக்கல், உவமையா உண்மையா என்பது. "அப்பா அன்று காலை மரமாகிவிட்டார்" என்று சாதாரணக் கதையில் வந்தால், பேச்சற்றுப் போனார் என்று எடுத்துக்கொள்வோம். இந்தக் கதைகளில் அவருக்கு நிஜமாகவே வேர் விட்டிருக்கலாம். எதுவென்று அடுத்த சில வரிகளில் தெரிந்துவிடும், அதுவரை இரண்டையும் மனதில் வைத்திருக்க வேண்டும். ஆகவே முதல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். தேவைப்பட்டால் பின்னுக்குத் தள்ளி இன்னொரு தடவை ஓடவிடுங்கள். பாத்திரம் தேய்ப்பது, நடைப்பயிற்சி எல்லாம் அப்புறம்.

அடுத்தது வேகம். ஒன்றரை மடங்கில் கேட்டுப் பழகியவர்கள் இதையும் அப்படியே ஓட்டுகிறார்கள். அறிபுனைக்கும் ஃபேண்டஸிக்கும் ஆண்டுதோறும் தரப்படும் ஹியூகோ விருதின் விதிப்படி சிறுகதை என்றால் 7,500 சொற்களுக்குள். நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் என்று வாசித்தால், மிக நீண்ட சிறுகதையே 50 நிமிடத்தில் முடிந்துவிடும். அரைமணி நேரக் கதையில் நீங்கள் மிச்சம் பிடிப்பது பத்து நிமிடம். அதற்குப் பதிலாகப் போவது மௌனம். அச்சில் காட்சி மாறும் இடத்தில் ஒரு வெற்று வரியோ மூன்று நட்சத்திரமோ இருக்கும். ஒலியில் அது ஓரிரு விநாடி அமைதி, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் கதை நாற்பது வருடம் தாண்டியிருக்கும், சொல்பவரே மாறியிருப்பார். இதைவிட மோசம், ஓவர்காஸ்ட், பாக்கெட் காஸ்ட்ஸ் போன்ற செயலிகளில் இருக்கும் மௌனத்தை வெட்டும் வசதி. செய்தி அலசலுக்கு அது நல்லதுதான். கதைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.

பெயர்களோடு மல்லுக்கட்டுவதும் வேண்டாத வேலை. கேட்டறியாத கிரகம், வாயில் நுழையாத பேர். எழுத்துக்கூட்டிப் பார்ப்பதற்குள் கதை நகர்ந்துவிடும். "கப்பல் ஓட்டுகிறவள்", "செத்துப்போன தம்பி" என்று உறவையோ வேலையையோ பிடித்துக்கொண்டால் போதும். கிளார்க்ஸ்வேர்ல்ட் கதைகளின் எழுத்து வடிவமும் இணையத்தில் இலவசம் என்பதால், முதல் பத்தியை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்கத் தொடங்கலாம். முழுக்கதையையும் திரையில் வைத்துக்கொண்டு கூடவே கேட்பது எனக்குச் சரிப்படுவதில்லை. கண் முந்திக்கொண்டு போய் முடிவைப் பார்த்துவிடுகிறது.

தொகுப்பாளர் பேச்சைத் தள்ளிவிட்டு நேராகக் கதைக்குத் தாவுவதும் பலருக்குப் பழக்கம். விளம்பரம் என்றால் சரி, தள்ளுங்கள். ஆனால் சூடோபாடில் கதை முடிந்ததும் அலாஸ்டேர் ஸ்டூவர்ட் பேசும் சில நிமிடங்களை விட்டுவிட வேண்டாம். திகில் கதை ஏன் நம்மை உறுத்துகிறது என்பதைக் கதையின் பின்னாலேயே வந்து பேசுகிறவர் அவர். அதைக் கேட்ட கையோடு நிறுத்திவிடுவதும் நல்லது. செயலி தானாக அடுத்த கதையை ஓட்டினால், முந்தைய கதையின் முடிவு மனதில் படிவதற்குள் வேறொரு உலகத்தின் சட்டதிட்டம் தொடங்கிவிடும். அப்புறம் இரண்டுமே கலங்கிப்போகும்.

நாடகத்தை எதிர்பார்த்து வருகிறவர்களும் உண்டு. 1955 முதல் 1958 வரை அமெரிக்காவின் என்பிசி வானொலியில் வந்த எக்ஸ் மைனஸ் ஒன் என்ற அறிபுனை நாடகத் தொடர் மாதிரி பல நடிகர்கள், இசை, ராக்கெட் சத்தம் வேண்டும் என்றால் அது வேறு சரக்கு. அதைத் தனியாகத் தேடிக் கேளுங்கள், நன்றாகவே இருக்கும். இங்கே பெரும்பாலும் ஒரே குரல்தான், எழுதியவர் எழுதியது அப்படியே வரும்.

அந்தக் குரல் பிடிக்காமல் போனால் கதையையே ஒதுக்கிவிடுவது கடைசித் தவறு. 2005-இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் இது அடிக்கடி நேரும். காப்புரிமை இல்லாத பழைய ஆக்கங்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவேற்றும் இடம் அது. அங்குள்ள அறிவியல் சிறுகதைத் தொகுப்புகளில் கதைக்குக் கதை வாசிப்பவர் மாறுவார். ஒருவர் அழகாக வாசிப்பார், அடுத்தவரின் மைக்கில் மின்விசிறி இரையும். ஒரே கதையை வேறொருவரும் வாசித்திருக்க வாய்ப்பு உண்டு, எனவே தலைப்பைப் போட்டு அங்கேயே ஒருமுறை தேடிவிட்டு அப்புறம் கைவிடுங்கள்.