பரணிலிருந்து மட்டையை இறக்குவது எப்படி

அம்மா போன பிறகு எட்டு மாதம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. கூட்டல் தப்பத் தொடங்கியது. அந்தப் பயத்தில் இன்னும் தப்பியது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கவும் சொன்னார். மொட்டை மாடியில் நாற்பது சுற்று நடந்தேன். சுற்றுக்கு ஒரு தடவை தண்ணீர்த் தொட்டி வரும். கூடவே அந்த நினைப்பும் வரும், இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று. கால் நடந்தது, மனம் தொட்டியடியிலேயே உட்கார்ந்திருந்தது. மூன்றாவது வாரம் விட்டுவிட்டேன்.

நடையைக் குறை சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு நடைதான் உயிர். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவே. அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன் பாருங்கள், அதுதான் தவறு. பிடிக்காததை வைராக்கியத்தால் எத்தனை நாள் இழுக்க முடியும்?

பிடித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து வயதிலிருந்து பதினாலு வயது வரை, இருட்டிய பிறகும் வீட்டுக்கு வராமல் எதைச் செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாண்டி, கயிறு தாண்டுதல், ஆற்றில் நீச்சல், வாடகை சைக்கிள், கோலாட்டம், எதுவானாலும் சரி. ‘உடம்பு இளைக்கும்’ என்ற ஒரே காரணத்துக்காக எழுதியது ஏதாவது இருந்தால் அடித்துவிடுங்கள். என் தாளில் மிஞ்சியது பூப்பந்து. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரிக்கு அதில் வியப்பில்லை. அந்த ஆட்டம் பிறந்ததே எங்கள் ஊரில்தான், அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம். இறகுப்பந்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மஞ்சள் கம்பளி நூல் பந்து. எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரியது, முப்பது கிராமைத் தாண்டாது. பக்கத்துக்கு ஐந்து பேர், 35 புள்ளி எடுத்தால் ஓர் ஆட்டம். பள்ளி அணியில் நான் நடுவில் நிற்பவள்.

பரணில் மட்டை இருந்தது. நரம்பு அறுந்து தொங்கியது. கட்டிக்கொடுக்கக் கடையில் கேட்டது ஒரு சிறு தொகைதான். புது மட்டை, புதுக் காலணி, புது உடுப்பு என்று முதல் வாரமே செலவு செய்யாதீர்கள். செலவு செய்த பொருள் முறைத்துப் பார்க்கும்.

அடுத்தது ஆள். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் மாலையில் ‘டொப், டொப்’ என்று சத்தம் கேட்டுப் போய் நின்றேன். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர், இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு மளிகைக்கடைக்காரர். “அக்கா, ஒரு கை குறைகிறது, வாருங்கள்” என்றாள் ஒருத்தி. தனியாகச் செய்வதை நாமே தள்ளிப்போட்டுக்கொள்ளலாம், கேட்பாரில்லை. நான் போகாவிட்டால் அந்தப் பக்கம் நால்வர்தான் என்பது வேறு விஷயம். ஆறு மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருக்க விடாது.

முதல் நாள் பதின்மூன்று வயது என்று நினைத்து ஆடிவிட்டேன். மறுநாள் முழங்கால் மடங்கவில்லை, பத்து நாள் போயிற்று. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மூச்சு அந்த அளவுக்கு வாங்கினால் போதும். இரண்டு சொல் பேசுவதற்குள் இரைக்கிறதா? ஓரமாகப் போய் நில்லுங்கள். அதற்கு மேல் போனால் சந்தோஷம் போய்விடும், சந்தோஷம் போனால் மறுநாள் வர மாட்டீர்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. எங்கள் கணக்கில் அது வாரம் மூன்று மாலை, ஐம்பது ஐம்பது நிமிடம். அவ்வளவு முடியாதவர்கள் கொஞ்சம் செய்தாலும் பலன் உண்டு என்றும் அதே வழிகாட்டியில் இருக்கிறது.

உடம்பை அசைத்தால் மனதுக்கு இதம் தரும் எண்டார்பின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுரக்கட்டும். நான் கண்டது வேறு. கம்பளிப் பந்து மெதுவாக வரும், காற்றடித்தால் சட்டென்று விலகும். தரையைத் தொட்டால் புள்ளி போயிற்று. ஆகவே கண்ணை எடுக்க முடியாது. கண்ணை எடுக்க முடியாதபோது தண்ணீர்த் தொட்டிக்கு வழியும் கிடையாது. ஐம்பது நிமிடம் அந்த நினைப்பு வெளியே காத்திருக்கிறது. திரும்ப வராமலில்லை, வருகிறது. ஆனால் வியர்த்து, குளித்து, பசித்துச் சாப்பிட்டவளிடம் வருகிறது. ஆறாவது வாரத்தில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்குத்தான் விழித்தேன். நடுவில் எழுந்த நினைவே இல்லை.

இதை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். கிளம்புமுன் மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண், வந்த பின் ஒன்று. என் தாள்களில் பெரும்பாலும் 3, 6 என்றோ 4, 7 என்றோதான் இருக்கும். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று தோன்றும் மாலையில் பழைய தாள்களைப் புரட்டுங்கள். கிளம்புமுன் மனம் சொல்லும் ஆரூடம் எவ்வளவு பொய்யானது என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அப்படியும் முடியாத நாளுக்கு எனக்கு ஒரு ஒப்பந்தம் உண்டு: மைதானம் வரை போவது, ஓரத்துத் திண்ணையில் உட்காருவது, அவ்வளவே. ஆடாமல் திரும்பினாலும் குற்றமில்லை. இரண்டு தடவை அப்படியே திரும்பியிருக்கிறேன்.

மாத்திரையை நானாக நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு கொண்ட, ஐம்பது வயதைக் கடந்த 156 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. பதினாறு வாரம் கழித்து உடற்பயிற்சி செய்தவர்களும் மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆனால் தொடக்கத்தில் மாத்திரைதான் வேகமாகக் கைகொடுத்தது. மட்டையைத் தூக்கவே தெம்பில்லாத நாட்கள் வாரக்கணக்கில் நீண்டால், அல்லது செத்துப்போகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால், 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசலாம், நடு இரவிலும் எடுப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தொடர்ச்சி அறுவது அப்போதுதான். கம்பளிப் பந்து தண்ணீரைக் குடித்துக் களிமண் உருண்டையாகிவிடும், ஆட முடியாது. நாங்கள் பள்ளி வராந்தாவில் சுண்ணாம்புக் கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். மளிகைக்கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கோட்டை மிதித்துவிட்டு, மிதிக்கவில்லை என்று சாதிக்கிறார்.