சின்னப் பிள்ளைக்கு பாட்டு: கிளாஸ் தேடுறதுக்கு முன்னாடி வீட்டுல என்ன பண்ணலாம்

மூணு வயசாச்சு, கர்நாடக சங்கீதப் பாட்டு கிளாஸ்ல சேக்கலாமான்னு கேக்குறவங்க நெறைய பேரு. நான் சொல்றது என்னன்னா கிளாஸ் எல்லாம் 5, 6 வயசுக்கு மேல பாத்துக்கலாம், ஆனா வீட்டுல பாடுறத இன்னைக்கே ஆரம்பிச்சுடுங்க. உங்க குரல் நல்லா இல்லன்னாலும் பரவால்ல, அந்த வயசுல பிள்ளைக்கு அம்மா அப்பா குரல விட்டா வேற பாடகரே கெடையாது.

மொதல்ல ஒரு விஷயத்த பேசி முடிச்சுடலாம். "பாட்டு கத்துக்கிட்டா மூளை வளரும், கணக்குல நூறு வாங்குவான்"னு வாட்ஸ்அப்ல சுத்துறது பாதிக்குப் பாதி ஊதிப் பெருக்குனது. மொசார்ட் கேட்டா குழந்தை புத்திசாலி ஆகும்னு சிடி வித்தாங்களே, அதுக்கு மூலமான 1993 ஆய்வுல ஒரு கைக்குழந்தை கூட இல்ல, காலேஜ் பசங்கள வெச்சு பண்ணது, அதுலயும் பலன் ஒரு கால் மணி நேரம்தான் நின்னுச்சு. 2004-ல வந்த டொரொண்டோ ஆய்வு கொஞ்சம் உருப்படியானது, 6 வயசுப் பிள்ளைங்க 144 பேர சேத்து சிலருக்கு கீபோர்டு, சிலருக்கு பாட்டு, சிலருக்கு நாடகம், சிலருக்கு ஒன்னுமே இல்லன்னு ஒரு வருஷம் பாத்தாங்க. இசை கத்துக்கிட்டவங்களுக்கு ஐக்யூ சராசரியா 7 பாயிண்ட் ஏறிச்சு, மத்தவங்களுக்கு 4 சொச்சம். அவ்ளோதான் வித்தியாசம். நாடகம் கத்துக்கிட்ட பசங்கதான் மத்தவங்களோட பழகுறதுல முன்னேறுனாங்கங்கிறது தனிக்கதை. அதனால மார்க்குக்காக பாட்டுன்னு போகாதீங்க. நிஜமா கிடைக்கிறது வேற: ஒரு சத்தத்த கவனிச்சு அதே மாதிரி திருப்பிச் சொல்ற காது, தாளத்துல நிக்கிற உடம்பு, ஒரே வரிய பத்து தடவ பாடியும் சலிக்காத பொறுமை.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? சுருதிலேர்ந்து, அதாவது பாட்டு முழுக்க குரல் ஒட்டி நிக்கிற அடிப்படை சத்தத்துலேர்ந்து. போன்ல அந்த சத்தத்த விடாம குடுக்குற ஒரு தம்புரா ஆப் போட்டுக்கங்க, இலவசமாவே நெறைய இருக்கு. ஆனா அதுல எத்தன கட்டைன்னு, அதாவது சுருதி எவ்ளோ உயரத்துல இருக்குன்னு கட்டாயம் பாருங்க. அப்பா ஒன்னு, ஒன்றரைக் கட்டையில பாடுவாரு, பிள்ளையும் அந்த குரலப் பிடிக்கப் பாத்து தொண்டைக்குள்ளயே உறுமும், அப்புறம் "இவளுக்கு சுருதியே சேர மாட்டேங்குது"ன்னு நாமளே ஒரு பட்டம் குடுத்துடுவோம். சின்னப் பிள்ளைங்களுக்கு 5, 5½, சிலருக்கு 6 கட்டை வரைக்கும் சரியா இருக்கும், ஆம்பளப் பிள்ளைக்கும் அதேதான். குளிக்கும்போது, சோறு ஊட்டும்போது தம்புரா பின்னாடி ஓடட்டும், நீங்க ச-ங்கிற சுரத்த மட்டும் பிடிங்க, பிள்ளை சேந்துக்கிட்டா சேரட்டும். 4 வயசுல சுருதி விலகுறது சகஜம், திருத்தவே வேணாம், நீங்க சரியா பாடிக்கிட்டே இருந்தா போதும்.

தாளத்துக்கு காய்கறிக் கூடை போதும், இது எங்க வீட்டு விளையாட்டு. தக்காளின்னா மூணு தட்டு, தக்-கா-ளி, அதான் தகிட. கத்திரிக்காய்னா நாலு, கத்-தி-ரிக்-காய், அது தகதிமி. சேப்பங்கிழங்கு அஞ்சு, சேப்-பங்-கி-ழங்-கு, தகதகிட. காய சொல்லிக்கிட்டே கைதட்டச் சொல்லுங்க, அப்புறம் காய் பேர எடுத்துட்டு தகிட, தகதிமிங்கிற சொல்ல மட்டும் வைங்க, தக்காளி தக்காளி கத்திரிக்காய்னு மாத்தி மாத்தி நடக்கச் சொல்லுங்க, திஸ்ரம் (மூணு) சதுஸ்ரம் (நாலு) கண்டம் (அஞ்சு)னு பேரு தெரியாமலே காலுக்கு வந்துடும். மிருதங்க வாத்தியாருங்க சொல்லித்தர்ற ஜதியும், அதாவது தாளச் சொல்லும், இந்த எண்ணிக்கைதான். ஆதி தாளம் போட விரல் எண்ணணும், ஒரு தட்டு, சுண்டுவிரல் மோதிரவிரல் நடுவிரல், அப்புறம் தட்டித் திருப்பு, தட்டித் திருப்புன்னு மொத்தம் 8, அது பெரும்பாலும் 5 வயசுக்கு முன்னாடி வராது, இழுக்காதீங்க.

அந்த வயசு வந்ததும் சரளி வரிசை, அதாவது சுரங்கள வரிசையா ஏத்தி எறக்கிப் பாடுற மொதப் பாடம். புரந்தரதாசர் (1484-1564) வகுத்ததா சொல்ற பாடமுறையத்தான் இன்னைக்கும் எல்லாரும் சொல்லித்தர்றாங்க, ராகம் மாயாமாளவகௌளை. இதுல ஒரு வசதி இருக்கு, ச ரி க ம-வுல சுரங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி எப்படியோ அப்படியேதான் ப த நி ச-விலயும், கீழ்ப்பாதி பிடிபட்டா மேல்பாதி அதே உருவந்தான். அதனால மொத வாரமே எட்டு சுரத்தையும் திணிக்காம ச ரி க ம-வ மட்டும் ஏத்தி எறக்கி விளையாட விடுங்க. ஒரு நாளைக்கு பத்து நிமிஷம், தெனமும். ஞாயித்துக்கிழம மட்டும் ஒரு மணி நேரம் உக்கார வெச்சா ரெண்டு பேருக்கும் சண்டைதான் மிச்சம்.

இன்னொன்னு, வந்தவங்க முன்னாடி "மாமாவுக்கு ஒரு பாட்டு பாடு கண்ணு"ன்னு பிடிச்சு நிறுத்தாதீங்க. கொலுவுல சுண்டலுக்காக தானா பாடுனா அது வேற. டிவி போட்டியப் பாத்துட்டு பெரியவங்க பாட்ட உச்சத்துல கத்த வைக்கிறதும் வேணாம், தொண்டை பாவம்.

வாத்தியம் வேணும்னா வயலின் கால், அரை, முக்கால்னு சின்ன சைஸ்ல கிடைக்கும், கைய அளந்து வாங்கணும், வளருவான்னு பெருசா வாங்குறது சட்டைக்கு சரி, வயலினுக்கு ஆகாது. வீணைக்கு கை எட்டணும், அது பொறவு. கீபோர்டு ஈஸி, ஆனா அதோட கட்டையில (கீ) கமகம், அதாவது சுரத்த அசைச்சுப் பாடுற நெளிவு வராது, கர்நாடக சங்கீதம் போகணும்னா கூடவே பாடவும் வைங்க.

டீச்சர் தேடுறப்ப ஒரு கிளாஸ் பக்கத்துல உக்காந்து பாருங்க. பிள்ளையோட சேந்து பாடுறாங்களா, இல்ல நோட்டுல எழுதிக்கோன்னு விட்டுட்டு போனப் பாக்குறாங்களா? மூணு மாசத்துல கீதம் (சுர வரிசைகளுக்கு அப்புறம் வர்ற சின்னப் பாட்டு) முடிச்சுத் தர்றேன்னு சொன்னா நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். ஆன்லைன் கிளாஸ்னா சத்தம் கொஞ்சம் தாமதமா வரும், ரெண்டு பேரும் ஒன்னா பாட முடியாது, அவங்க பாடி நிறுத்துனதும் இவன் பாடணும், பக்கத்துல தாளம் போட நீங்க வேணும்.

காசு கம்மியா முடியணும்னா தமிழ்நாட்டுல ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கு, 5 லேர்ந்து 16 வயசு வரைக்கும், பெரும்பாலும் சனி ஞாயிறு கிளாஸ், பாட்டு நடனம் ஓவியம்னு நடக்கும். மாவட்ட அரசு இசைப்பள்ளியில சேர 12 வயசு ஆகணும், தவில், நாதசுரம், தேவாரம் வரைக்கும் இருக்கு. ரெண்டுமே கலை பண்பாட்டுத் துறை கீழதான் வருது, உங்க ஊர்ல எங்கன்னு கேட்டு நேர்ல ஒரு நடை போய் பாத்துட்டு வாங்க.