குளோரந்தாவில் ஞானம் அடைய எந்த வழி? புதிதாக ஆடுபவர்களுக்கு

கும்பகோணத்தில் ஞாயிறு மாலைகளில் ரூன்க்வெஸ்ட் (ஆளுக்கொரு கற்பனை மனிதராக, அதாவது 'கேரக்டராக', மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு) ஆடும் எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது: "என் கேரக்டர் ஞானி ஆக முடியுமா?" முடியும். இந்த ஆட்டம் நடக்கும் கற்பனை உலகமான, க்ரெக் ஸ்டாஃபோர்ட் படைத்த குளோரந்தாவில் அதற்குப் பல வழிகள் உண்டு. எந்த வழி என்ன தரும் என்று ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த வழி உங்களிடமிருந்து எதைப் பறிக்கும் என்று பாருங்கள், தேர்வு சுலபமாகிவிடும்.

நம் பக்கத்து ஆட்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் இருக்கும் மண்ணில் வளர்ந்தவர்களுக்கு சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் வரிசை மனதில் பதிந்திருக்கும். குளோரந்தாவின் வழிகளை அப்படி அடுக்காதீர்கள். அவை வேறுவேறு ஊர்களுக்குப் போகும் பாதைகள்.

படி 1: எதை விடமாட்டான்?

கேரக்டரின் விவரங்கள் எழுதிய தாளான கேரக்டர் ஷீட்டில் குலப்பற்று, பகை, அன்பு போன்ற பற்றுகளுக்குச் சதவீதம் போட்டிருக்கும். அதில் கேரக்டர் உயிரே போனாலும் விடாத ஒன்றை வட்டமிடுங்கள்.

படி 2: வழிகளை அதன் பக்கத்தில் வையுங்கள்

நைசலோர் என்ற தெய்வத்தின் வழி விடுகதை வழி. இதில் தெளிந்தவன் தன் கடவுளின் தடைகளை மீறினாலும் தண்டிக்கும் ஆவிகள் அவனைத் தொடாது. ஒன்றுக்கொன்று பகையான இரண்டு வழிபாடுகளில்கூடச் சேரலாம். உலகமே அஞ்சி வெறுக்கும் அழிவுச் சக்தியான கேயாஸ்மீது அவனுக்கு இயல்பான வெறுப்பு இல்லாமல் போகும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பறிபோவது அவனைக் கட்டுப்படுத்திய அத்தனையும். பிறகு அவன் நல்லவனாக இருந்தால் அது முழுக்க அவன் விருப்பம்தான்.

ட்ராகன் வழி பற்றையே அறுக்கச் சொல்லும். ட்ராகன் ஆக முயலும் பல்லி போன்ற உயிர்களான ட்ராகன்யூட்டுகள் செத்துச் செத்து முட்டையிலிருந்து மறுபடி பிறந்து, நிலை நிலையாக உயர்கின்றன. மனிதர்களும் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு பேரரசே நடத்தினார்கள். குளோரந்தா கணக்கில் 1042-ல் அதன் தலைவர்கள் கொல்லப்பட்டு அது சரிந்தது. நீங்கள் வட்டமிட்டது குலப்பற்று என்றால் இந்த வழி வேண்டாம். குலத்தை மறந்த கேரக்டரை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் என்ன ஆடுவது?

சிவப்பு நிலாவின் வழி ஒரு பேரரசோடு சேர்ந்தே வரும். 1247-ல் வானேறிய தேவி கேயாஸையும் உலகத்தின் பங்காக ஏற்றுக்கொண்டவள். குருவும் பள்ளியும் துணையும் கிடைக்கும். பழைய குலம் உங்களைத் துரோகி என்று சொல்லும். கிழக்குத் தீவுகளின் துறவு வழி சக்தி வந்தாலும் தொடாதே என்கிறது. அது அழகான வழிதான், ஆனால் முதல் ஆட்டத்துக்கு வேண்டாம்.

படி 3: விடுகதை தயாரிப்பது

புதியவர்களுக்கு நான் சொல்வது நைசலோர் வழி. கதையை நடத்துபவரான கேம் மாஸ்டர் இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். விடை உள்ள விடுகதை உதவாது. முதலில் மேஜையைச் சூடாக்க, எல்லாருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மேட்டூர் திறக்குமுன் பாலத்தில் நின்றால் கீழே வெறும் மணல். "தண்ணீர் இல்லாத இந்த நாளில் ஆறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். ஒருவர் மணலுக்கடியில் ஊற்றில் என்றார். இன்னொருவர் மேட்டூரில் என்றார். மூன்றாமவர் கொஞ்ச நேரம் யோசித்து, "வயலில் நெல்லாக இருந்தது, இப்போது வீட்டில் சாக்குமூட்டையில் இருக்கிறது" என்றார். எதையும் சரி, தப்பு என்று சொல்லவில்லை.

அப்புறம் கேரக்டரின் நம்பிக்கையை நேராகத் தொடும் கேள்வி. அந்த மூன்றாமவரின் கேரக்டர் புயல் தெய்வம் ஒர்லாந்தை வணங்குபவன். ஒர்லாந்த் சூரியப் பேரரசன் யெல்மைக் கொன்றான்; பிறகு அவனே பாதாளம்வரை போய் யெல்மைத் திரும்ப அழைத்து வந்தான். கேள்வி இதுதான்: "கொன்ற கை, கூட்டி வந்த கை. நீ கும்பிடுவது எந்தக் கையை?" அவர் டைஸைக் கீழே வைத்துவிட்டார். ஒரு விடுகதை வேலை செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் அதுதான்.

கேரக்டர் ஞானத்தை எவ்வளவு நெருங்கியிருக்கிறான் என்பதற்கும் ஷீட்டில் ஒரு சதவீதம் உண்டு. மனதில் தைத்த ஒவ்வொரு விடுகதைக்கும் இந்த ஞானச் சதவீதத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரே ஆட்டத்தில் இரண்டுக்கு மேல் கேட்காதீர்கள்.

படி 4: விழும் இடம்

எல்லா வழியிலும் ஒரே பள்ளம் இருக்கிறது: கிடைத்த தெளிவை ஆயுதமாக்குவது. நாடோடிகளின் தலைவனான ஷெங் செலரிஸ் தவத்தால் வந்த வலிமையை அடக்காமல் வெளியே வீசினான். சிவப்பு நிலாவின் பேரரசையே கவிழ்த்து ஆண்டான். குளோரந்தாவில் அவன் தோற்ற ஞானி. உங்கள் ஆட்டக்காரர் "இனி எனக்கு என்ன போனஸ்?" என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

படி 5: டைஸ் விழுந்த பிறகு

ஆண்டு முடியும் புனித காலத்தில் நூறு பக்க டைஸை உருட்டச் சொல்லுங்கள். சதவீதத்துக்குள் விழுந்தால் மற்றவர்கள் முன்னால் அறிவிக்க வேண்டாம். ஆட்டக்காரரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். படி 1-ல் வட்டமிட்ட பற்றைக் காட்டி, இனி இதை வைத்துக்கொள்வானா, விடுவானா என்று கேளுங்கள். அவர் சொன்னதை ஷீட்டின் பின்பக்கம் எழுதிவைத்து, அடுத்த ஆட்டத்தை அவனுடைய குலத்தாரின் விருந்து ஒன்றில் தொடங்குங்கள்.