எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் தடுப்பூசி விஷயத்தில் செய்யும் தவறுகள்

எதிர்ப்பாற்றல் சொந்த உடம்பையே தாக்கும் சரவாங்கி, லூபஸ், சொரியாசிஸ் மூட்டுவாதம், பெருங்குடல் புண் போன்ற நோய்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் கடலூர், பண்ருட்டி, நெய்வேலி பக்கமிருந்து மாதாமாதம் புதுச்சேரிக்கு பஸ் ஏறுகிறார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை அங்கே எழுதப்படுகிறது. தடுப்பூசியோ ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, தெருமுனை கிளினிக்கிலோ போடப்படுகிறது. மாத்திரை எழுதியவருக்கு ஊசி போட்ட கணக்கு தெரியாது, ஊசி போடுகிறவருக்கு மாத்திரை பெயர் தெரியாது. தடுப்பூசியில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. இரண்டு பக்கமும் போய் வருகிற ஒரே ஆள் நோயாளிதான். அதனால் அவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

"நமக்கு ஊசியே ஆகாது"

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். ஊசி போட்டால் மூட்டு வீங்கும், லூபஸ் கிளம்பிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஊசி போட்ட ஓரிரு நாள் கை வலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல் வருவது சகஜம். அது நோய் கிளம்பியதாகாது. ஒரு வாரம் தாண்டியும் காலை நேர விறைப்பு கூடிக்கொண்டே போனால், புதிதாக மூட்டு வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் ஃப்ளூவோ நிமோனியாவோ வந்தால் மருந்தை நிறுத்தவேண்டி வரும், நோயும் கிளம்பும், மருத்துவமனையில் படுக்கவும் நேரும். உயிரற்ற தடுப்பூசிகளை நோய் கொஞ்சம் தீவிரமாக இருக்கும்போதுகூடப் போடலாம் என்பதே அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் சங்கம் (ACR) 2022-ல் வகுத்த வழிகாட்டுதலும்.

இன்னொரு விஷயம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் மட்டும் சாப்பிடுகிறவர்கள் "எதிர்ப்பாற்றல் அடங்கியவர்கள்" கணக்கில் வரமாட்டார்கள். மெத்தோட்ரெக்சேட், அசத்தயோபிரின், மைக்கோஃபினோலேட், டோஃபாசிட்டினிப், அடலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள், ரிட்டுக்ஸிமாப் எல்லாம் வருகின்றன. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் அளவைப் பொறுத்தது. தினம் 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் இரண்டு வாரம் சாப்பிட்டிருந்தால் அது கனமான அடக்கம்.

ஒரே நோய், இரண்டு விதமான மருந்து

தடுப்பூசியில் இரண்டு ஜாதி. கிருமியை உயிரோடு வைத்து வீரியத்தை மட்டும் குறைத்தது ஒன்று. கொன்ற கிருமியோ அதன் ஒரு துண்டோ இன்னொன்று. எதிர்ப்பாற்றல் அடங்கிய உடம்பில் முதல் ஜாதி பெருகி நோயாகவே மாறக்கூடும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர், சின்னம்மை ஊசி, காசநோய்க்கான பி.சி.ஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காய்ச்சல் ஊசி ஆகியவை உயிருள்ளவை.

நோயின் பெயரை மட்டும் கேட்டுவிட்டுக் கையை நீட்டுவதில்தான் சிக்கல். பல நோய்களுக்கு இரண்டு ஜாதியும் உண்டு. ஃப்ளூவுக்கு ஊசி உயிரற்றது, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே உயிருள்ளது. மஞ்சள் காமாலை ஏ-க்கு இரண்டும் உண்டு. டைபாய்டு ஊசி பரவாயில்லை, விழுங்கும் கேப்சூல் உயிருள்ளது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் பழக்கமான பெயர் மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் இரண்டு வகை ஊசி இருக்கிறது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, "இது உயிருள்ளதா, கொன்றதா?" அது தெரியாவிட்டால் குப்பியின் பெயரைப் போனில் படம் எடுத்து மாத்திரை எழுதிய மருத்துவருக்குக் காட்டிவிட்டுப் போடுங்கள். இரண்டு நாள் தள்ளிப் போவதால் ஒன்றும் கெட்டுவிடாது. நாய்க்கடி மட்டும் விதிவிலக்கு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாத்திரையைத் தானே நிறுத்துவது

"ஊசி வேலை செய்யட்டும்" என்று எல்லா மாத்திரையையும் ஒரு மாதம் நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து. பல மாதம் ப்ரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாக முடியும். ஊசிக்காக ஸ்டீராய்டை ஒரு நாளும் தானாக நிறுத்தக்கூடாது. 20 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் உயிரற்ற ஊசி எதையும் போட்டுக்கொள்ளலாம். 20-ம் அதற்கு மேலும் என்றால் ஃப்ளூ ஊசியை மட்டும் உடனே போட்டு, மற்றவற்றை அளவு குறைந்தபின் போடுவது வழக்கம்.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு ஒரே ஒரு சலுகை, அதுவும் ஃப்ளூ ஊசிக்கு மட்டும். நோய் கட்டுக்குள் இருந்தால், மருத்துவர் ஒப்புக்கொண்டால், ஊசி போட்டபின் இரண்டு வாரம் நிறுத்தலாம். ஞாயிறுதோறும் சாப்பிடுகிறவர் திங்கட்கிழமை ஃப்ளூ ஊசி போட்டால் அடுத்த இரண்டு ஞாயிறை விட்டுவிட்டு மூன்றாம் ஞாயிறு தொடங்குவார். விட்டுப்போனதை ஈடுகட்ட அன்று இரட்டை அளவு போடக்கூடாது. இந்த மாத்திரை வாரம் ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போனவர்கள் உண்டு. நிமோனியா, மஞ்சள் காமாலை பி, டெட்டனஸ் ஊசிகளுக்கு மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தவே வேண்டாம்.

ரிட்டுக்ஸிமாப் கணக்கு வேறு. எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும் பி செல்களையே அது துடைத்துவிடுகிறது. ஏற்றிய மறுமாதம் போட்ட ஊசி ஏறக்குறைய வீண். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறவர் அடுத்த தவணை நெருங்கும்போது ஊசி போட்டு, குறைந்தது இரண்டு வாரம் கழித்து மருந்தை ஏற்றவேண்டும். இதிலும் ஃப்ளூ ஊசிக்கு மட்டும் காத்திருப்பு இல்லை, சீசன் வந்தால் போட்டுவிடவேண்டியதுதான்.

மருந்து தொடங்கும் முன் கிடைக்கும் நாட்களை விட்டுவிடுவது

எந்த ஊசியும் நன்றாகப் பிடிப்பது அடக்கும் மருந்து தொடங்குவதற்கு முன்புதான். நோய் உறுதியான அன்றே கேளுங்கள், "தொடங்கும் முன் எந்த ஊசி?" ரத்தத்தில் மஞ்சள் காமாலை பி இருக்கிறதா என்று எப்படியும் பார்ப்பார்கள். பழைய கிருமி ஒளிந்திருந்தால் ரிட்டுக்ஸிமாப் அதைக் கிளப்பிவிடக்கூடும். இல்லையென்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி, முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புப் பொருள் அளவு. அது 10-க்குக் கீழே இருந்தால் ஊசி பிடிக்கவில்லை என்று பொருள். இந்தக் கடைசிப் பரிசோதனையைப் பலர் செய்வதே இல்லை.

சின்னம்மையோ தட்டம்மையோ வராதவர், ஊசியும் போடாதவர் என்றால் உயிருள்ள ஊசியை மருந்து தொடங்க நான்கு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். ஆனால் சிறுநீரகத்தை லூபஸ் தாக்கியிருக்கும்போது ஊசிக்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம் இல்லை.

நிமோனியா ஊசியில் வரிசை முக்கியம். இரண்டும் போடுவதானால் 13 வகைக் கிருமிக்கானது முதலில், குறைந்தது 8 வாரம் கழித்து 23 வகைக்கானது. மாற்றி 23-ஐ முதலில் போட்டுவிட்டால் அடுத்ததற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஃப்ளூ ஊசி வருடாவருடம். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகைதான் மழையும் காய்ச்சலும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், எனவே செப்டம்பர் முடிவதற்குள் போட்டுவிடுங்கள். லூபஸ் உள்ள பெண் பிள்ளைகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோய் ஊசி 15 வயதுக்குக் கீழ் என்றாலும் இரண்டல்ல, மூன்று தவணை.

நாய் கடித்தால்

இதில் காத்திருக்கவோ, மருத்துவரிடம் அனுமதி கேட்கவோ நேரமில்லை. காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நேராக மருத்துவமனை.

அங்கே வாய் திறந்து சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக மருந்தைத் தோலுக்குள் போடுகிறார்கள். இரண்டு இடத்தில் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28-ஆம் நாட்கள். மற்றவர்களுக்கு இது போதும். எதிர்ப்பாற்றல் அடங்கியவருக்கு இந்திய வழிகாட்டுதலே வேறு. தசைக்குள் முழு ஊசி, 0, 3, 7, 14, 28 என ஐந்து நாள். ரத்தம் வராத கீறல் என்றாலும் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (தயாராக இருக்கும் எதிர்ப்புப் பொருள்) போடவேண்டும். மற்றவர்களுக்கு ரத்தக் காயத்துக்குத்தான் அது. முன்பே நாய்க்கடி ஊசி போட்டிருந்தாலும் இரண்டு ஊசியோடு விடாமல் முழுக் கணக்கும் வேண்டும். குளோரோகுயின் வகை மாத்திரை தோலுக்குள் போடும் ஊசியின் பலனைக் குறைக்கும் என்பதால் அந்த மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களும் சொல்லவேண்டும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் நர்ஸ் கையில் கொடுப்பது நல்லது. "மூட்டுக்கு மாத்திரை சாப்பிடறேம்மா" என்றால் வலி மாத்திரை என்று நினைத்துவிடுவார்கள்.

அம்மையும் அக்கியும்

வீட்டில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, ஆத்தா வந்திருக்கிறாள் என்று மருந்தே கொடுக்காமல் இருப்பது நம் வழக்கம். ஆரோக்கியமான பிள்ளைக்கு அது பெரும்பாலும் கடந்துபோகும். மெத்தோட்ரெக்சேட்டும் ஸ்டீராய்டும் சாப்பிடும் தாய்க்குக் கடக்காது. நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பாயக்கூடும். கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைத் தொடங்கவேண்டும். வேப்பிலை வாசலில் இருக்கட்டும், நீராகாரம் கொடுக்கட்டும், மாத்திரையும் உள்ளே போகட்டும். ஆத்தாளுக்கு அது குறையில்லை. இன்னும் கொப்புளம் வராமல், அம்மை போட்டவரோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டாலும் அன்றே சொல்லுங்கள். முதல் 10 நாட்களுக்குள் கொடுக்கக்கூடிய தடுப்பு மருந்து உண்டு. கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அம்மை தொற்றும்.

அக்கிக்குச் செம்மண் குழைத்து எழுதுவது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. அக்கி என்பது பழைய அம்மைக் கிருமி நரம்பில் தூங்கி, எதிர்ப்பாற்றல் குறைந்ததும் எழுந்து வருவது. செம்மண் அதைத் தொடாது. 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால் பிற்கால நரம்பு வலி குறைய வாய்ப்பு உண்டு. கண் பக்கம், நெற்றிப் பக்கம் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவர். தடுக்க ஷிங்ரிக்ஸ் என்ற ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. உயிரற்றது. விலை அதிகம்தான், ஆனால் டோஃபாசிட்டினிப் தொடங்கப்போகிறவர்களுக்கு முதலில் சொல்லவேண்டியது இதைத்தான், ஏனென்றால் அந்த மாத்திரையில் அக்கி வரும் வாய்ப்பு கூடுகிறது. எதிர்ப்பாற்றல் அடங்கியவருக்கு இரண்டு தவணைக்கும் இடைவெளி ஒன்றிலிருந்து இரண்டு மாதம்.

பிறக்கும் குழந்தை, வீட்டிலுள்ள மற்றவர்கள்

பி.சி.ஜி பிறந்த உடனே போடப்படுகிறது. கர்ப்பத்தின் பின்பகுதியில் இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போட்ட தாயின் மருந்து குழந்தை ரத்தத்திலும் பல மாதம் இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு பி.சி.ஜி போட்டு, அந்தக் கிருமி உடலெங்கும் பரவி இறந்த சம்பவம் பதிவாகியிருக்கிறது. ஆகவே பிரசவ வார்டில் சேரும் முன்பே குறிப்பேட்டில் "பி.சி.ஜி ஆறு மாதத்துக்குக் குறையாமல் தள்ளிவைக்கவும்" என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பிரசவம் முடிந்த களைப்பில் அதை யாரும் ஞாபகப்படுத்தமாட்டார்கள்.

அம்மாவுக்கு ஆகாது என்று பிள்ளைகளின் எம்.எம்.ஆர், சின்னம்மை ஊசிகளை நிறுத்துவதும் தவறு. வீட்டில் மற்றவர்கள் போட்டுக்கொள்வதே நோயாளிக்கு வேலி. சின்னம்மை ஊசி போட்ட பிள்ளைக்கு உடம்பில் கொப்புளம் எழுந்தால் மட்டும் அது காயும்வரை விலகி இருங்கள். போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு கொடுத்த குழந்தையின் மலத்தில் சில வாரம் கிருமி வரும், அந்த நாட்களில் துணி மாற்றுவதை வேறொருவர் செய்யட்டும்.

கொண்டுபோகும் வழியில்

மெடிக்கலில் வாங்கிய ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் பஸ்ஸில் போனால் மருந்து செத்துவிடும். 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஐஸ் கட்டியோடு ஒட்ட வைப்பதும் கெடுதல், பல ஊசிகள் உறைந்தால் வீணாகும். ஐஸுக்கும் குப்பிக்கும் நடுவே மடித்த துணி இருக்கட்டும். முடிந்தால் மருந்து வைத்திருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். புயலடித்து இரண்டு மூன்று நாள் மின்சாரம் இல்லாத வாரத்தில் வாங்குவதாக இருந்தால், ஃப்ரிட்ஜ் ஜெனரேட்டரில் ஓடியதா என்று கேட்பதில் தப்பில்லை.

கையில் இருக்கவேண்டிய சீட்டு

அரைத் தாள் போதும். நோயின் பெயர், மருந்தின் பெயரும் அளவும், கடைசியாக ரிட்டுக்ஸிமாப் ஏற்றிய தேதி, போட்ட ஊசிகளும் தேதிகளும். கீழே மருத்துவர் கையெழுத்தோடு இரண்டு வரி: "உயிருள்ள தடுப்பூசி கூடாது. நாய் கடித்தால் தசையில் ஐந்து தவணை, இம்யூனோகுளோபுலினும் தேவை." மருந்து மாறும்போதெல்லாம் சீட்டும் மாறவேண்டும். 2015 வெள்ளத்திலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் கடலூர், புதுச்சேரிப் பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. சீட்டை பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். அதன் படம் உங்கள் போனிலும், வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும்.