காணியில் வெடிபொருள் கண்டால்: சட்டம் சொல்வதும் நாம் செய்ய வேண்டியதும்

இலங்கையின் வடக்கில் போர் நடந்த முகமாலை, கிளாலி, புதுக்குடியிருப்பு போன்ற இடங்களுக்கு மீளக் குடியேறியவர்களும், அங்கே தோட்டம் செய்யவோ வீடு கட்டவோ எண்ணியிருப்பவர்களும், பற்றை வெட்டும்போது அல்லது அத்திவாரம் தோண்டும்போது வெடிபொருள் ஒன்றைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும், அந்த இடத்தில் சட்டம் யாருக்கு என்ன கடமையை விதிக்கிறது என்பதையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும். வெடிபொருளை அகற்றுவது காணிக்காரரின் வேலை அன்று. அது அரசு ஏற்றுக்கொண்ட கடமை. மிதிவெடிகளைப் பொறுத்தவரை அதற்குக் காலக்கெடுவும் உண்டு.

முதலில் உயிரைக் காக்கும் வழி. சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டவுடன் அசையாமல் நில்லுங்கள். உடன் வந்தவர்களையும் உரத்த குரலில் நிறுத்துங்கள். வந்த காலடித் தடம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அதே தடத்தில் பின்வாங்குங்கள். தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று உதவிக்குக் குரல் கொடுங்கள். ஒரு மிதிவெடி இருக்கும் இடத்தில் அடுத்தது ஓரிரு எட்டுக்குள் புதைந்திருக்கக்கூடும். பொருளைத் தொடுவதும், தடியால் தட்டிப் பார்ப்பதும், அதன் மேல் மண் போடுவதும், அருகில் சென்று படம் எடுப்பதும் கூடாது. பாதுகாப்பான தூரத்துக்கு வந்த பிறகு, பாதையோரத்து மரக்கிளை ஒன்றில் துணியைக் கட்டி அடையாளம் வைக்கலாம். நிலத்தில் கம்பு நடக் கூடாது.

பார்த்தவுடன் வெடிபொருள் என்று தெரியாதவையே மிகவும் ஆபத்தானவை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பெருமளவில் புதைக்கப்பட்ட பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 வகை மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் வட்டம்; அதில் உலோகம் மிகச் சொற்பம். விடுதலைப் புலிகள் அதே அமைப்பில் செய்ததை 'ரங்கன் 99' என்பார்கள். மரப்பெட்டிக்குள் அமைக்கப்பட்ட 'ஜொனி' வகை இத்தனை ஆண்டு மழைக்குப் பிறகு உக்கிய பலகைத் துண்டு போலவே கிடக்கும். பொருளின் பழமையை நம்பி யாரும் ஏமாறக் கூடாது. துருப்பிடித்த செல்லோ (பீரங்கி எறிகணையோ) கைக்குண்டோ செயலிழந்துவிட்டது என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பற்றையை எரித்துத் துப்புரவு செய்யும் வழக்கம் நம்மிடம் பரவலாக உள்ளது. போர் நடந்த நிலத்தில் அதைச் செய்யக் கூடாது. சூட்டில் மண்ணுக்கடியில் உள்ள குண்டும் வெடிக்கக்கூடும். வெள்ளம் வடிந்த பிறகு வாய்க்கால் ஓரங்களையும் மண் அரித்த சரிவுகளையும் புதிதாகப் பார்ப்பது போலவே பார்க்க வேண்டும், ஏனெனில் சென்ற ஆண்டு நடந்து சென்ற இடம் என்பது இவ்வாண்டுக்கு உத்தரவாதம் ஆகாது.

அடுத்தது அறிவித்தல். 119 என்ற இலக்கத்தின் மூலம் பொலிசாருக்கு அறிவிக்கலாம். கிராம அலுவலருக்கும் உடனே தெரியப்படுத்துங்கள். அருகில் மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்று பணியாற்றினால் அதன் அணித்தலைவரிடம் சொல்வதும் பயன் தரும். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்கள் இப்பணியில் ஈடுபட்டு வந்திருக்கின்றன. தனியாகக் கிடக்கும் குண்டு பெரும்பாலும் நீதிமன்ற அனுமதி பெற்று, இராணுவத்தினர் அல்லது விசேட அதிரடிப்படையினரால் அழிக்கப்படுகிறது. அனுமதிக்குச் சில நாட்கள் செல்லலாம் என்பதால், அதுவரை பிள்ளைகளும் கால்நடைகளும் அந்தப் பக்கம் போகாதபடி அயலவர்கள் கூடிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். வாய்மொழியாகச் சொன்னதோடு நிற்காமல், திகதி, இடம், காணியின் பெயர், கண்ட பொருளின் தோற்றம் ஆகியவற்றை எழுதிப் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பிரதி ஒன்றில் ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எதைக் கேட்பதற்கும் அந்த ஒரு தாள் தேவைப்படும்.

கண்டெடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோவதும், பழைய இரும்பு எடுப்பவரிடம் விற்பதும் உயிராபத்து மட்டுமல்ல, குற்றமும் ஆகும். குண்டுகளை அனுமதியின்றி வைத்திருப்பதை 1966ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கத் தாக்குதல் ஆயுதங்கள் சட்டம் தண்டிக்கிறது. வறுமையின் காரணமாக இரும்பு பொறுக்கப் போகிறவர்களிடம் இதை மிரட்டலாகச் சொல்லாமல் பொறுமையாக விளக்க வேண்டும். அவர்கள்தாம் முதலில் பலியாகிறார்கள்.

இனி அரசின் கடமை. ஆளெதிர் மிதிவெடிகளை, அதாவது மனிதரைத் தாக்கவென்று புதைக்கப்படும் மிதிவெடிகளை, தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அது 2018 ஜூன் 1 முதல் இலங்கையைக் கட்டுப்படுத்துகிறது. அந்த உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரை, படையினரின் களஞ்சியத்தில் இருக்கும் ஆளெதிர் மிதிவெடிகளை நான்கு ஆண்டுகளுக்குள் அழிக்கச் சொல்கிறது. 3ஆம் உறுப்புரை பயிற்சிக்காக மிகக் குறைந்த எண்ணிக்கையை மட்டும் வைத்திருக்க அனுமதிக்கிறது. இலங்கை தன் கையிருப்பைக் கெடுவுக்கு முன்னரே, 2021இல், அழித்து முடித்ததாக அறிவித்தது. 5ஆம் உறுப்புரைதான் காணிக்காரருக்கு நேரடியாகத் தொடர்புடையது: நிலத்தில் புதைந்தவற்றைப் பத்து ஆண்டுகளுக்குள் அகற்ற வேண்டும், அகற்றும் வரை அந்த எல்லையை அடையாளமிட்டு, கண்காணித்து, பொதுமக்கள் உள்ளே செல்லாதபடி தடுக்க வேண்டும் என்கிறது. அந்தக் கெடு 2028 ஜூன் 1. முடியாவிட்டால் நீடிப்புக் கேட்கலாம், ஆனால் காரணத்தையும் திட்டத்தையும் மற்ற நாடுகளின் முன் வைக்க வேண்டும். உங்கள் ஊரில் எச்சரிக்கைப் பலகை விழுந்து கிடந்தால், அதை மீண்டும் நிறுத்தும்படி கேட்பது சலுகை கேட்பது அன்று. கொத்துக்குண்டுகளைத் தடை செய்யும் ஒஸ்லோ உடன்படிக்கையிலும் இலங்கை 2018இல் இணைந்தது.

ஒட்டாவா உடன்படிக்கையை உள்நாட்டில் நடைமுறைப்படுத்துவது 2022ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க ஆளெதிர் மிதிவெடிகள் தடைச் சட்டம். இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது பேசுவது ஆளெதிர் மிதிவெடியைப் பற்றி மட்டுமே. வெடிக்காத செல்கள், கைக்குண்டுகள், மோட்டார்க் குண்டுகள் அதன் வரைவிலக்கணத்துக்குள் வருவதில்லை. எனவே ஒரு மாவட்டம் மிதிவெடியற்றது என்று அறிவிக்கப்பட்டாலும் செல் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. மட்டக்களப்பு 2017இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அங்கும் இக்கவனம் தேவை. 2028க்குப் பிறகும் தனியாக வெளிப்படும் குண்டுகளை அகற்ற நிரந்தர ஏற்பாடும், அதற்கு ஒதுக்கப்பட்ட நிதியும், பொறுப்பாளரின் பெயரும் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காணி துப்புரவு செய்யப்பட்டு உங்களிடம் கையளிக்கப்படும்போது சான்றிதழைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். அதில் மூன்றைப் பாருங்கள்: எல்லை எது, எந்த ஆழம் வரை தேடப்பட்டது, தரப் பரிசோதனை செய்தது யார். இவற்றுள் ஆழம் மிக முக்கியம். அகற்றுபவர்கள் மண்வெட்டியால் நிலத்தைப் பிளப்பதில்லை. கனமான விறாண்டியால் மேல்மண்ணை மெல்ல இழுத்துத் தளர்த்தி, பின்னர் இலேசான விறாண்டியால் வாரி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு ஒதுக்கி முன்னேறுகிறார்கள். மணற்பாங்கான வடபகுதி நிலத்தில் உலோகம் குறைந்த மிதிவெடிகளுக்கு இம்முறை நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அது குறிப்பிட்ட ஆழத்தோடு நின்றுவிடும். மிளகாய் நட அது போதும், கிணறு வெட்டப் போதாது. ஆழமாகத் தோண்டும் எண்ணம் இருந்தால் வேலை தொடங்கும் முன்பே கிளிநொச்சியில் உள்ள பிராந்திய மிதிவெடி செயற்பாட்டு அலுவலகத்துக்கு எழுதி ஆலோசனை கேளுங்கள்.

சான்றிதழ் கிடைக்காவிட்டாலோ உங்கள் காணியின் நிலை தெரியாவிட்டாலோ 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 'மிதிவெடி பற்றிய விபரம் தருக' என்று பொதுவாகக் கேட்டால் தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்க இடம் உண்டு. அதற்குப் பதிலாகக் காணியின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, நில அளவை வரைபட இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அது துப்புரவு செய்யப்பட்டதா, எப்போது, எந்த ஆழத்துக்கு, எந்த நிறுவனத்தால் என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால், நீங்கள் விண்ணப்பித்த அரச நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். அப்போது, பிரதேச செயலாளரின் ஒப்பத்தோடு வைத்திருக்கும் கடிதப் பிரதியையும் இணைத்துவிடுங்கள்.