குளிர்காலத்தில் தனியாக சேஸிஸ் கட்டுபவர்களுக்கு

ஒன்டாரியோவில் டிசம்பர் வந்தால் பலர் வெல்டிங் மெஷினை மூடி வைத்துவிட்டு ஏப்ரலுக்குக் காத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லோட்டஸ் செவன் மாதிரி ஒரு சின்னக் காரின் சேஸிஸை, அதாவது காரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை, 25 மி.மீ. சதுரக் குழாயில், 1.6 மி.மீ. சுவர்த் தடிமனில், வீட்டு கராஜிலேயே பனிக்காலத்திலும் தனியாளாகக் கட்டலாம்.

குளிரைவிட ஈரம்தான் வேலையைக் கெடுக்கும். கதவைச் சாத்திவிட்டு புரொப்பேன் ஹீட்டரைப் பற்றவைத்தால், எரியும் ஒவ்வொரு கிலோ புரொப்பேனுக்கும் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். காற்று சீக்கிரம் சூடேறிவிடும், இரும்பு ஏறாது. அந்த ஆவியெல்லாம் குழாய் மேல் வியர்த்து நிற்கும். அப்படியே வெல்டிங் வைத்தால் ஒட்டுக்குள் சிறு துளைகள் விழும், வைக்காமல் விட்டால் துரு பிடிக்கும். அடைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடு பயம் வேறு. அதனால் கரண்ட் ஹீட்டர்தான் என் சிபாரிசு. வேலைக்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். 1500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். வெல்டரை அதே லைனில் மாட்டாதீர்கள்.

கராஜ் முழுவதையும் சூடாக்கப் போராட வேண்டாம். அன்றைக்கு ஒட்டப்போகும் மூட்டுகளை அசிட்டோன் துணியால் துடைத்து, டப்பாவையும் துணியையும் வெளியே வைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் ஹீட் கன்னால் வெதுவெதுப்பாக்கினால் போதும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை வெல்டிங் பக்கம் கொண்டுவரவே கூடாது. ஆர்க்கின், அதாவது வெல்டிங் மின்பொறியின், வெப்பத்தில் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். தனியாக இருப்பவரைத் தூக்கிவிட ஆளில்லை.

குழாயை முந்தின இரவே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். மூன்று மீட்டர் இரும்பு 20 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 0.7 மி.மீ. நீளும். வெளியே அளந்து வெட்டியதும் உள்ளே அளந்து வெட்டியதும் ஒன்றாக இராது.

பிடிக்க ஆள் இல்லாத குறையைப் பலகை தீர்க்கும். 8 அடிக்கு 4 அடி கனமான எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் சேஸிஸின் அடித்தளத்தை முழு அளவில் வரைந்து, கோட்டின் இருபுறமும் மரக்கட்டைகளைத் திருகுங்கள். குழாய் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். காந்தம் வசதிதான், ஆனால் ஆர்க்கை இழுக்கும்; தள்ளி வையுங்கள். எல்லா மூட்டிலும் முதலில் டேக் மட்டும், அதாவது பிடித்து நிற்க ஒரு சின்னப் புள்ளி வெல்டிங். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் வந்தால்தான் முழு வெல்டிங். அதையும் எதிரெதிர் மூலைகளுக்கு மாறி மாறிப் போடுங்கள், ஒரே பக்கம் போட்டால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

உடுப்பு: பருத்தி, கம்பளி. ஃப்ளீஸ் ஜாக்கெட் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

பெயிண்டை வசந்த காலத்துக்கு விட்டுவிடுங்கள். அதுவரை மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும், மறுபடி வெல்டிங் வைக்குமுன் துடைத்துக்கொள்ளலாம்.

எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பலகையில் விழுந்த பொறி வெகு நேரம் கழித்தும் புகையும். அதனால் கடைசி வெல்டிங்குக்கு அப்புறம் குறைந்தது ஒரு மணி நேரம் தீயணைப்பானோடு கராஜிலேயே இருந்து, மறுநாள் வெட்டவேண்டிய குழாய்களுக்கு அளவு எழுதிக்கொள்ளுங்கள்.